புயலில் தனியாக மாட்டிக்கொண்ட லைட்ஹவுஸ் கீப்பர்களுக்குப் பைத்தியம் பிடித்தது உண்மையா?

கேள்வி: கயல்விழி, விருதுநகர்

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரித் தமிழ் மன்றத்துக்காக அரை மணி நேர வானொலி நாடகம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கடல் நடுவே பாறையில் நிற்கும் கலங்கரை விளக்கம், வெளியே புயல், உள்ளே மூன்று பேர், ஒவ்வொருவராகப் புத்தி தடுமாறுகிறார்கள். இதுதான் கரு.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஃபிளானன் தீவில் 1900 டிசம்பரில் மூன்று கீப்பர்கள் காணாமல் போன சம்பவத்தை அடிப்படையாக வைத்திருக்கிறேன். ஒரு யூடியூப் சேனலில் அவர்களுடைய பதிவேட்டை வாசித்தார்கள். "இருபது வருடத்தில் இப்படி ஒரு புயலைப் பார்த்ததில்லை", "மெக்ஆர்தர் அழுதுகொண்டிருக்கிறார்", "மூவரும் பிரார்த்தனை செய்தோம்" என்றெல்லாம் வருகிறது. கடைசி நாளில் "புயல் ஓய்ந்தது, கடல் அமைதி, கடவுள் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறார்". கேட்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்தப் பதிவேடு உண்மையா? புயலும் தனிமையும் சேர்ந்தால் ஒரு மனிதன் நிஜமாகவே அப்படி ஆகிவிடுவானா? கடலில் வேலை பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். நான் கடலைப் பார்த்ததே ராமேஸ்வரத்தில்தான்.

பதில்: சுப்புலட்சுமி_வேதியியல்

கயல், நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கடல் பற்றித் தெரியாது, ஆனால் உங்கள் கேள்வியில் என் பாடம் ஒன்று இருக்கிறது: பாதரசம்.

பெரிய கலங்கரை விளக்கங்களின் கண்ணாடி லென்ஸ் டன் கணக்கில் எடையுள்ளது. அது தடையில்லாமல் சுழல வேண்டும் என்பதற்காக 1890 வாக்கில் பிரான்சில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு வட்டத் தொட்டியில் பாதரசம் ஊற்றி, லென்ஸை அதன் மேல் மிதக்கவிட்டார்கள். அப்புறம் விரலால் தள்ளினாலே சுழலும். அந்தப் பாதரசத்தில் தூசி சேரும். கீப்பர்கள் அதைத் துணியிலோ மெல்லிய தோலிலோ வடிகட்டிச் சுத்தம் செய்வார்கள். மூடிய அறையில் அந்த ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்தால் கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், மனிதர்களைக் கண்டாலே ஒதுங்குவது எல்லாம் வரும். அக்கம்பக்கத்தவர் பார்வைக்கு அது பைத்தியம்தான். உங்கள் நாடகத்துக்கு இது ஒரு காரணமாக உதவுமா பாருங்கள்.

பதில்: மணப்பாட்டான்

தங்கச்சி கயல், டீச்சரம்மா, இருவருக்கும் வணக்கம். நான் வணிகக் கப்பலில் டெக் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணெய்க் கப்பல்களில் வேல்ஸ் நாட்டு மில்ஃபோர்டு ஹேவன் துறைமுகத்துக்குப் போய் வந்திருக்கிறேன். இந்த விஷயம் எனக்கு ரொம்ப நெருக்கமானது, அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதலில் பதிவேடு. அது புனைவு. 1929இல் ஒரு அமெரிக்கப் பரபரப்புப் பத்திரிகையில் வந்தது. அதற்கு முன்னால் அந்த வரிகள் எங்கேயும் கிடையாது. கவிழ்ந்து கிடந்த நாற்காலி, தொடாமல் வைத்த சாப்பாடு என்று சொல்வார்களே, அது 1912இல் வந்த ஒரு ஆங்கிலக் கவிதையிலிருந்து ஒட்டிக்கொண்டது. இரண்டையும் கலந்துதான் இன்றைக்கும் விற்கிறார்கள்.

லாக் புக் எழுதிப் பழகியவனுக்கு அந்த வரிகளைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அதில் காற்று, கடல், பாரோமீட்டர், விளக்கு ஏற்றிய நேரம், அணைத்த நேரம் இவ்வளவுதான் வரும். மேலதிகாரி எரிச்சலாக இருக்கிறார், கூட இருப்பவன் அழுகிறான் என்று எந்தக் கீழ்நிலை ஆளும் மேலிடம் வாசிக்கப்போகும் புத்தகத்தில் எழுதமாட்டான். உண்மையான பதிவேடு டிசம்பர் 13 வரைதான் எழுதப்பட்டிருந்தது. 14ஆம் தேதிக் குறிப்பும், 15ஆம் தேதி காலை 9 மணிக் குறிப்பும் ஒரு சிலேட்டில் சாக்கட்டியால் எழுதியிருந்தன, பிறகு புத்தகத்தில் ஏற்றுவதற்காக. போலிப் பதிவேட்டிலோ 15ஆம் தேதிக்கும் அழகாக ஒரு வரி இருக்கிறது.

நடந்தது என்ன? ஃபிளானன் விளக்கு 1899 டிசம்பர் 7ஆம் தேதிதான் முதன்முதலில் ஏற்றப்பட்டது. ஒரு வருடம் ஆனபோது அங்கே இருந்தவர்கள் தலைமைக் கீப்பர் ஜேம்ஸ் டுகட், உதவியாளர் தாமஸ் மார்ஷல், அப்புறம் டொனால்ட் மெக்ஆர்தர். மெக்ஆர்தர் நிரந்தரப் பணியாளர் இல்லை. உடம்பு சரியில்லாத ஒருவருக்குப் பதிலாக வந்தவர். டிசம்பர் 15 இரவு அந்த வழியாகப் போன ஆர்க்டார் என்ற நீராவிக் கப்பல் விளக்கு எரியாததைக் கண்டது. மாற்று ஆளை ஏற்றிக்கொண்டு ஹெஸ்பரஸ் கப்பல் 20ஆம் தேதி வந்திருக்க வேண்டும்; கடல் மோசமாக இருந்ததால் 26ஆம் தேதி மதியம்தான் வந்து சேர்ந்தது. ஜோசப் மூர் என்ற கீப்பர் முதலில் மேலே ஏறிப் போனார். வாசல் கேட் சாத்தியிருந்தது, அடுப்பு குளிர்ந்திருந்தது, கடிகாரம் நின்றிருந்தது.

உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது என்பதைக் கவனி. லென்ஸ் துடைத்திருந்தது, திரி வெட்டியிருந்தது, எண்ணெய் நிரப்பியிருந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவி வைத்திருந்தது. காலை வேலையை முழுவதும் முடித்துவிட்டு வெளியே போயிருக்கிறார்கள். புத்தி பேதலித்தவர்கள் பாத்திரம் கழுவி வைத்துவிட்டா போவார்கள்?

விசாரணைக்கு வந்த மேற்பார்வையாளர் ராபர்ட் முயர்ஹெட் மேற்கு இறங்குதுறையைப் போய்ப் பார்த்தார். கடல்மட்டத்துக்கு 110 அடி உயரத்தில், பாறை இடுக்கில் வைத்திருந்த கயிற்றுப் பெட்டி உடைந்து, கயிறெல்லாம் சிதறிக் கிடந்தது. இரும்புக் கைப்பிடிகள் முறுக்கியிருந்தன. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பாறை நகர்ந்திருந்தது. 200 அடி உயரத்தில் புல்தரை பெயர்ந்து போயிருந்தது. உனக்கு நம்ப முடியாமல் இருக்கும். அந்தப் பக்கம் கரை நேராக இல்லை, உள்வாங்கிய குறுகலான பிளவுகள் இருக்கின்றன. அட்லாண்டிக் அலை அதற்குள் நுழைந்தால் பக்கவாட்டில் போக இடமில்லாமல் மேலே எகிறும். பார்க்க அமைதியாக இருக்கும்போதே திடீரென்று ஒன்று வரும். பெட்டியைக் கட்டிப் பத்திரப்படுத்தப் போனவர்களைப் பெரிய அலை ஒன்று இழுத்துப் போய்விட்டது என்றுதான் முயர்ஹெட் முடிவுக்கு வந்தார். மெக்ஆர்தரின் மழைக்கோட்டு மட்டும் உள்ளேயே தொங்கியது. சட்டையோடு ஓடியிருக்கிறார். கூட இருந்த இருவருக்கு ஆபத்து என்று அலறிக்கொண்டு ஓடினாரோ என்னவோ, அப்படித்தான் என் மனசு சொல்கிறது.

அதனால்தான் அந்த "அழுதுகொண்டிருக்கிறார்" வரியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. வேலைசெய்யப் போய்ச் செத்தவர் அவர். அவரை அழுகுணி ஆக்கி நூறு வருடமாகப் பயம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, மனசு உடைந்த கதை ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அது இன்னும் நூறு வருடம் முந்தியது, ஸ்மால்ஸ் என்ற பாறையில்.

வேல்ஸின் பெம்புரோக்‌ஷயர் கரையிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். இரவுக் காவல் முறையில் நிற்கும்போது அந்த விளக்கை நான் பார்த்திருக்கிறேன். 15 விநாடிக்கு ஒரு தடவை மூன்று மின்னல். இப்போது இருப்பது கல்கோபுரம், ஆளில்லாத தானியங்கி. முதலில் 1776இல் அங்கே நின்றது மரம். லிவர்பூலில் வயலின் முதலான இசைக்கருவிகள் செய்துகொண்டிருந்த ஹென்றி ஒயிட்சைட் என்பவர் கட்டினார். ஓக் மரக் கால்கள், அதன் உச்சியில் எட்டுப் பட்டையாக ஒரு சின்ன அறை, அதற்கு மேல் விளக்கு. கால்களுக்கு நடுவே கடல் ஓடும். பெருங்கடல் வந்தால் அறை முழுக்க ஆடும். கட்டிய மறு வருடமே, 1777 ஜனவரியில், பழுது பார்க்கப் போன ஒயிட்சைடே அங்கே மாட்டிக்கொண்டார். உணவும் எண்ணெயும் தீர்ந்துகொண்டிருக்கிறது, காப்பாற்றுங்கள் என்று கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அவருக்கு உதவி வந்தது.

1801 குளிர்காலத்தில் அங்கே இரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். தாமஸ் ஹவல், தாமஸ் கிரிஃபித். அப்போது இரண்டு பேர்தான் வழக்கம். இருவருக்கும் ஆகாது, கரையில் ஊர் பார்க்கச் சண்டை போட்டவர்கள். அந்த நேரம் பார்த்துக் கிரிஃபித் இறந்துவிட்டார். நோய் என்றும் விபத்து என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஹவல் கொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்ல அவரைத் தவிர வேறு ஆளில்லை.

உடலைக் கடலில் இறக்கிவிட்டால், பகையாளி கொன்று தள்ளிவிட்டான் என்று ஊர் சொல்லும். அந்தக் காலத்தில் கொலைக்குத் தூக்கு. அதனால் உடலை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே அறை, அதில் பிணம். ஹவலுக்குப் பீப்பாய் செய்யும் தொழில் தெரியும். அறையின் மரத்தடுப்புகளைப் பெயர்த்து ஒரு பெட்டி செய்தார். உடலை அதில் வைத்து, வெளியே இழுத்து, கைப்பிடிக் கம்பியில் கட்டினார். புயல் விடவில்லை. காற்றும் அலையும் பெட்டியை உடைத்துவிட்டன. உள்ளே இருந்தவரின் கை வெளியே விழுந்து காற்றில் ஆடியது, வா வா என்று கூப்பிடுவது போல இருந்தது என்று கதை சொல்கிறது. கை ஆடியதோ இல்லையோ, ஜன்னலுக்கு வெளியே பிணம் கட்டிக்கிடக்க உள்ளே அவர் இருந்தார். படகுகள் வந்தன, இறங்க முடியாமல் திரும்பின. வாரக்கணக்கில் இப்படி. கடைசியில் இறக்கிக்கொண்டு வந்தபோது நண்பர்களுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை.

இங்கேதான் உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். டீச்சரம்மா சொன்ன பாதரசம் உண்மையான நோய்தான், ஆனால் அது விளக்குகளுக்குள் வந்தது இதற்கு ஏறக்குறைய 90 வருடம் கழித்து. ஹவலின் காலத்தில் எண்ணெய்த் திரி. அவரைத் தின்றது வேறு. நான் கப்பலில் அதன் ஓரத்தைப் பார்த்திருக்கிறேன்.

நான் தேர்ட் மேட்டாக, அதாவது இளநிலை அதிகாரியாக, இருந்தபோது, இந்தியப் பெருங்கடல் நடுவே எங்கள் ஆயிலர் (இன்ஜின் அறைப் பணியாளர்) ஒருவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். துறைமுகம் வெகுதூரம். கேப்டன் உடனே எங்களைக் கூப்பிட்டார். நேரம், இடம், யார் பார்த்தது, என்ன மருந்து கொடுத்தது எல்லாம் லாக்கில் ஏற்றி, சாட்சிக் கையெழுத்து வாங்கினார். இறந்தவரின் பெட்டியைத் திறந்து சட்டை, செருப்பு, மகளுக்கு வாங்கி வைத்திருந்த வாட்ச் வரை பட்டியல் போட்டு, அதற்கும் கையெழுத்து. காய்கறி வைக்கும் குளிர் அறையைக் காலி செய்து உடலை வைத்தோம். சமையல்காரர் அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றுவிட்டார். அரிசியும் பருப்பும் டின் மீனுமாகவே ஓட்டினோம். எத்தனை பேர் இருந்தோம்! ரேடியோ இருந்தது, கம்பெனிக்குத் தகவல் போய்விட்டது. அப்படியும் ராத்திரி அந்த வராந்தாவைக் கடக்கும்போது நடை தானாக வேகமாகும். சாட்சிக்கு ஆளே இல்லாமல், தகவல் சொல்ல வழியே இல்லாமல், கழுத்தில் கொலைப்பழி விழுமோ என்ற பயத்தோடு ஒருவன் இருந்தால்? புயல் வெறும் பூட்டுதான் கயல். உள்ளே அவரோடு அடைபட்டிருந்தது அந்தப் பயம்.

இதற்கு அப்புறம்தான் விளக்குக்கு மூன்று பேர் என்று வைத்தார்கள். ஒருவர் செத்தால் மற்ற இருவர் ஒருவருக்கொருவர் சாட்சி. பிரிட்டனில் தானியங்கி வரும் வரைக்கும் அந்த வழக்கம் நீடித்தது. ஃபிளானனிலும் மூன்று பேர் இருந்ததற்கு வேர் அதுதான்.

பதில்: வாசன், மட்டக்களப்பு

மணப்பாட்டு அண்ணை எழுதினதை ஒரே மூச்சில் வாசித்தேன். ஸ்மால்ஸ் பாறைக்கும் எங்கட நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்த மரக்கூட்டை மாற்றி 1861இல் கல்லால் கட்டி முடித்தபோது அங்கே இருந்து வேலையை நடத்தின பொறியியலாளர் ஜேம்ஸ் டக்ளஸ். அதே டக்ளஸ்தான் பிறகு இலங்கையின் தென்கிழக்கே, கிரிந்தைக்கு அப்பால் கடலுக்குள் நிற்கிற கிரேட் பாசஸ் வெளிச்சவீட்டை வடிவமைத்தவர். அவருடைய தம்பி வில்லியம் கட்டினார். கல்லை ஸ்கொட்லாந்தில் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1873இல் விளக்கு ஏற்றினார்கள். சிங்களவர் அந்தப் பாறைத்தொடரை ராவணன் கோட்டை என்று சொல்லுவினம்.

தென்மேற்குக் காற்று தொடங்கினால் அந்தப் பாறையில் கால் வைக்க ஏலாது. எங்கட ஊரில் வயதான ஒருவர் இருந்தார், வெளிச்சவீட்டு வேலை செய்தவர். அலையும் இருட்டும் பழகிவிடும் என்பார். பொறுக்க ஏலாதது என்னவென்றால், சாமான் கொண்டுவாற படகு கண்ணுக்குத் தெரிய வரும், வந்து கிட்ட நின்று பார்க்கும், பிறகு திரும்பிப் போய்விடுமாம். அன்றைக்கு ஒருவரோடு ஒருவர் கதைக்கமாட்டார்களாம். தங்கச்சி, உங்கட நாடகத்தில் இதையும் போடலாம்.

பதில்: கயல்விழி, விருதுநகர்

அண்ணா, நீங்கள் எழுதியதை என் தோழிகளுக்கு வாசித்துக் காட்டினேன். பதிவேட்டை நாடகத்திலிருந்து எடுத்துவிட்டேன். வாசன் அண்ணா சொன்ன படகு கண்டிப்பாக வரும். டீச்சர், உங்கள் பாதரசம் வேறொரு கதைக்குப் பத்திரம்.

எனக்குப் புரியாதது ஒன்று. ஸ்மால்ஸ் வழியாகக் கப்பல்கள் போய்க்கொண்டுதானே இருந்திருக்கும்? அத்தனை வாரம் ஒருவருக்குமா தெரியாமல் போயிற்று? இன்னொன்று, ஃபிளானனை முழுக்க விட்டுவிட மனமில்லை. பைத்தியம் இல்லை என்றால் அதில் நாடகத்துக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

பதில்: மணப்பாட்டான்

வாசன் தம்பி, திரும்பிப் போகும் படகைப் பற்றி எழுதினீர்களே, கப்பல்காரன் யாருக்கும் அது வயிற்றைக் கலக்கும். எங்கள் பாஷையில் "ரிலீவர் வரல", அதாவது நம்மை விடுவிக்க வேண்டிய மாற்று ஆள் வரவில்லை, என்பது அது. 2020 கொரோனாவில் ஒப்பந்தம் முடிந்தும் வீடு போக முடியாமல் உலகம் முழுக்க நான்கு லட்சம் மாலுமிகள் கப்பலிலேயே கிடந்தார்கள். என்னோடு வேலை பார்த்த பையன்கள் போன் பண்ணி, ஏஜென்ட் அடுத்த துறைமுகம் என்கிறான், அங்கே போனால் அதற்கடுத்தது என்கிறான் என்று புலம்புவார்கள். புயலில் திடமாக நின்ற பையன்கள்தான் அவர்கள்.

கயல், உன் முதல் கேள்வி. ஹவல் அபாயக் கொடி ஏற்றினார். கப்பல்கள் பார்த்தன. கரைக்கும் செய்தி போனது, அதனால்தான் படகுகள் முயன்றன. ஆனால் அந்தப் பாறை அலைக்கு மேல் கொஞ்சம்தான் தலைகாட்டும்; கடல் கொஞ்சம் எழும்பினாலும் படகைப் பக்கத்தில் கொண்டுபோனவன் படகையும் இழப்பான். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு ரொம்ப வலிக்கிற காரணம். விளக்கு ஒவ்வொரு இரவும் எரிந்தது. இரண்டு பேர் மாறி மாறிச் செய்யும் வேலையை, வெளியே பிணத்தைக் கட்டி வைத்துக்கொண்டு, ஒரே ஆளாக ஹவல் செய்தார். விளக்கு எரிகிறதா, அப்படியானால் பெரிய ஆபத்து இருக்காது என்று கரையில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு ராத்திரி அணைத்திருந்தால் கலவரப்பட்டிருப்பார்கள். அந்த வழியாக வந்த கப்பல் ஏதாவது பாறையில் ஏறியிருக்கவும் கூடும். அவர் அணைக்கவில்லை. அதனால் அவருக்குப் பைத்தியம் பிடித்தது என்று எழுதுகிறவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன். உடம்பு தேய்ந்தது, முகம் மாறியது, எல்லாம் சரி. வேலை மாறவில்லை.

அந்த விளக்கு யாருக்குச் சோறு போட்டது என்றும் உன் நாடகத்தில் யாராவது ஒரு பாத்திரம் கேட்கட்டும். அப்போது அது தனியார் சொத்து. லிவர்பூலுக்கும் பிரிஸ்டலுக்கும் போகிற கப்பல்கள் அந்த வெளிச்சத்துக்கு எடைக் கணக்கில் வரி கட்டின. 1836இல், இங்கிலாந்து, வேல்ஸ் கலங்கரை விளக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பான டிரினிட்டி ஹவுஸ் அந்த உரிமையை வாங்க ஒரு லட்சத்து எழுபதாயிரம் பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு வருமானம் வந்த இடத்தில் ஒரு மரக்கூடும் இரண்டு ஆட்களும். மூன்றாவது ஆளுக்கு முன்னாலேயே சம்பளம் கொடுத்திருந்தால் ஹவல் அந்தப் பெட்டியைச் செய்திருக்க வேண்டியதே இல்லை.

ஃபிளானனில் என்ன மிச்சம் என்று கேட்டாயே. ஜோசப் மூர் இருக்கிறார். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

யோசித்துப் பார். தன்னோடு வேலை பார்த்த மூன்று பேருக்குச் சரக்கும் கடிதமும் கொண்டு வருகிறார். கரையில் வழக்கமாக நிற்கிறவர்கள் நிற்கவில்லை. கப்பல் ஊது ஊதுகிறது, வெடி விடுகிறது, பதில் இல்லை. தனியாக மேலே ஏறிப் போகிறார். படுக்கைகள் காலி. கீழே ஓடி வந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் மேலே போய்த் தேடுகிறார். ஹெஸ்பரஸ் கேப்டன் ஹார்வி கரைக்குப் போய் "ஃபிளானனில் பயங்கர விபத்து" என்று தந்தி அடிக்கக் கிளம்பிவிடுகிறார். விளக்கு எரிய வேண்டுமே? அன்று இரவே மூர் அங்கே தங்குகிறார், கப்பலிலிருந்து இறங்கிய மூன்று தன்னார்வலர்களோடு. செத்தவர்களின் நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் நிரப்பி வைத்த எண்ணெயில் விளக்கேற்றுகிறார். பகலில் பாறைப் பிளவுகளில் உடல் தேடுகிறார்கள். ஒரு உடலும் கிடைக்கவில்லை.

அவருடைய நரம்பு ஆடிப்போனது. இது வதந்தி கிடையாது, முயர்ஹெட் தன் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார். அந்த மூன்று பேருக்கும் கடைசியாகக் கைகொடுத்து விடைபெற்றவன் நான்தான் என்று எழுதிய அதே அறிக்கையில், மூரின் பதற்றம் தணியாவிட்டால் அவரை இடமாற்றம் செய்ய வேண்டியிருக்கும் என்கிறார். உடனே, ஆனால் அதைப் பரிந்துரைக்கத் தயக்கமாக இருக்கிறது, அந்த நிலையத்தின் வேலை தெரிந்த ஒருவராவது அங்கே வேண்டும் என்கிறார். ஒரு மேலதிகாரியை நான் குறை சொல்லவில்லை. அவர் நிலைமை அது. ஆனால் மூர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று பார்.

உன் அரை மணி நேரத்துக்கு அந்த முதல் இரவு போதும். நான்கு குரல். மூருக்கு மட்டும்தான் அறை தெரியும், மற்ற மூவருக்கும் எண்ணெய் எங்கே, திரி எங்கே, கரண்டி எங்கே என்று எல்லாவற்றையும் அவர்தான் சொல்ல வேண்டும். மெக்ஆர்தரின் மழைக்கோட்டு ஆணியில் தொங்குகிறது. யாராவது ஒருவர் குளிருக்கு அதை எடுத்துப் போடப் போவார், மூர் என்ன சொல்வார் என்று நீ எழுது. மெக்ஆர்தருக்குத் தையல் தொழில், பட்டாளத்திலும் இருந்தவர். இந்த விவரமும் உனக்கு உதவும். புயல் சத்தம் நிறையப் போடாதே. 26ஆம் தேதி அவர்களால் இறங்க முடிந்ததே கடல் தணிந்ததால்தான். எழுதி முடித்ததும் இங்கேயே போடு, கடல் சம்பந்தமான சொற்களை நான் பார்த்துக் கொடுக்கிறேன்.